டிசம்பர் மாதத் தாள்

கட்டடம் வரையும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் என்னை முதன்முதலாகச் சந்திக்கும்போது அந்த வெள்ளைச் சுவர் வீட்டைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால், பழைய தெருவில், பதினான்கு அடி அகல மனையில் அறுபது அடி நீளத்துக்கு நிற்கிற வீடு. கல்லூரியில் படிக்கும்போது பத்திரிகையில் அதன் படத்தைப் பார்த்ததாகவும், அதைப் பார்த்துத்தான் கட்டட வடிவமைப்பின்மேல் ஆசை வந்ததாகவும் போன மாதம்கூட ஒரு பெண் சொன்னாள். நான் சிரித்து மழுப்பினேன். மழுப்பி மழுப்பியே பத்து வருடங்களை ஓட்டிவிட்டேன். இப்போது அலுவலகத்தை மூடியாகிவிட்டது, பெயர்ப்பலகையையும் கழற்றியாகிவிட்டது. அந்த வீட்டைப் பற்றி இதுவரை சொல்லாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். படித்த பிறகு என்மேல் இருக்கும் மரியாதை குறைந்தால் குறையட்டும். அதற்கு நான் தகுதியானவன்தான்.

முதலில் ஒரு சின்னக் கதை. அது தெரிந்தால்தான் நான் செய்ததன் கனம் உங்களுக்குப் புரியும்.

நான் மலைக்காரன் இல்லை. ஈரோட்டுப் பக்கம். வெயிலுக்குப் பயந்து, நிழலைக் கண்டால் ஒதுங்கி வளர்ந்தவன். படிப்பை முடித்து ஊட்டிக்கு வந்து முதன்முதலாக ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு வீடு வரைந்தேன். எல்லா ஜன்னல்களுக்கு மேலும் மூன்றடிக்கு சன்ஷேடு நீட்டியிருந்தேன். மனிதர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இது எதுக்குங்க?”

“வெயில் உள்ளே வராதுங்க.”

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: “அம்மிணி, இங்க வா. தம்பி நமக்கு வெயிலே வராத ஊடு கட்டிக் குடுக்கறாராம். கம்பளி நாலு சேத்தி வாங்கி வெச்சுக்க.”

வெட்கத்தில் எனக்குக் காது சிவந்தது. ஆனால் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். கீழ்நாட்டில் வெயில் கடன்காரன் மாதிரி, கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். மலையில் அது விருந்தாளி. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல் மேல் உப்புத் தூவியதுபோல உறைபனி கிடக்கும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் வந்ததும் ஆளாளுக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். வெயில் நகர நகர நாற்காலியும் நகரும். அந்த வெயிலை வீட்டுக்குள் கூப்பிடுவதுதான் இங்கே நம் தொழில் என்று புரிந்துகொண்டேன். அதில் கெட்டிக்காரன் என்று பேரும் எடுத்தேன். மேஸ்திரிகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் ‘வெயில் சார்’. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

இப்படிப்பட்டவன்தான் இதைச் செய்தேன்.

அனிதாவும் அவர் கணவரும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றானதும் அனிதாவின் சொந்த ஊரான ஊட்டிக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் வாங்கிய மனையில் பழைய உருளைக்கிழங்குக் கிடங்கு ஒன்று இருந்தது. தாழ்வான தகரக் கூரை, கருங்கல் சுவர், எங்கும் மண் வாசனை. தெற்கே படிக்கட்டுச் சந்து. வடக்கே, பழைய பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம், ஆறடிப் பள்ளத்தில் ஒரு கல் பாவிய முற்றம். மலைச்சரிவில் மனைகள் எப்படித் தட்டுத்தட்டாக இறங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த முற்றம் தெய்வானையுடையது. நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து வந்து நடுவட்டம் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்கள். அப்பா கடைசிக் காலத்தில் வாங்கிக் கொடுத்த இடம் என்பதால் பத்திரம் தெய்வானையின் பெயரில் இருந்தது. கணவர் ராமையா அந்த உருளைக்கிழங்குக் கிடங்கிலேயே மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போனவர். இருவரும் சேர்ந்து லாட்ஜுகளின் கம்பளிகளைத் துவைத்துக் கொடுத்துப் பிழைத்தார்கள்.

கம்பளி துவைக்கிற கணக்கு விசித்திரமானது. ஏப்ரலில் சீசன் தொடங்கினால் லாட்ஜில் ஓர் அறையும் காலியிருக்காது, ஒரு கம்பளியும் கைக்கு வராது. ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும். ஆக டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிதான். அறைகள் காலியாகக் கிடக்கும், வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். அந்த மூன்று மாதங்களில்தான் லாட்ஜுகள் மொத்தக் கம்பளிகளையும் கட்டிக் கொடுக்கும். காலையில் அலசிப் போட்டு, மதியம் புரட்டிப் போட்டு, சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். ஒரு நாள் தங்கினால் நாற்றமெடுக்கும். நாறுகிற கம்பளியை எந்த லாட்ஜும் திரும்ப வாங்காது. வருடம் முழுக்க அடுப்பெரிவது அந்த மூன்று மாத வெயிலில்தான். அந்த வெயிலும் கிடங்கின் தகரக் கூரைக்கு மேலாகத்தான் முற்றத்தில் இறங்கியது.

இதெல்லாம் முதல் வாரத்திலேயே எனக்குத் தெரியும். பொதுச்சுவரின் மேல் சாய்ந்து நின்று பார்த்தபோது தெய்வானையே சொன்னார். முற்றத்தில் ஏழெட்டுக் கயிறுகள். சிவப்புக் கம்பளி, பச்சைக் கம்பளி, கட்டம் போட்டது. வெயிலில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

நான் வரைந்த முதல் படம் இதையெல்லாம் மனதில் வைத்து வரைந்ததுதான். தெருப்பக்கம் மட்டும் மாடி, பின்பக்கம் கிடங்கின் உயரத்துக்கே தாழ்வாக நிற்கும். முற்றம் பின்பக்கத்தை ஒட்டி இருந்ததால் அங்கே வெயில் கெடாது. அனிதாவுக்கும் அவர் கணவருக்கும் வேண்டியதெல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. அவர்கள் தலையாட்டிவிட்டார்கள். அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் படத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் பொசுக்கென்று இறங்கியது. நொண்டிக்கொண்டு நிற்பதுபோல எனக்குப் பட்டது. ஒருநாள் சும்மா பென்சிலால் பின்பக்கத்துக்கும் மாடியை இழுத்துப் பார்த்தேன். அறுபதடி நீளத்துக்கு ஒரே வெள்ளைச் சுவர். மேலே ஒரே நீள அறை, தெற்கு முழுக்கக் கண்ணாடி. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ தடதடத்தது. மறைக்காமல் சொல்கிறேன், அப்போதே அதைப் பத்திரிகையில் அச்சான படமாகப் பார்த்தேன். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடங்களில் நல்ல வீடுகள் பல கட்டியிருந்தேன். ஒன்றுகூடக் கோயமுத்தூரைத் தாண்டிப் பேசப்படவில்லை. என்னோடு படித்தவர்கள் மேடைகளில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அரிப்பு எனக்கு இருந்தது.

“வீட்டிலேயே வேலை பார்க்கிறவர்களுக்கு இப்படி ஒரு நீள அறை இருந்தால் நன்றாக இருக்கும்” என்று அனிதாவிடம் சொன்னேன். அவர்கள் கேட்காத அறை. என்னை நம்பி, சரி என்றார்கள். உயரம் சட்டம் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. ஓர் அங்குலம்கூடத் தாண்டவில்லை.

என் அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள் சுகந்தி. பிக்கட்டியில் கேரட், உருளைக்கிழங்கு போடுகிற குடும்பத்துப் பெண். பனி விழுந்தால் எந்த மேட்டில் பயிர் கருகும், எந்தச் சரிவில் தப்பிக்கும் என்று கேட்காமலேயே சொல்வாள். புது வரைபடத்துக்கு நிழல் தாள்கள் போடச் சொன்னேன். எந்த மாதம் எந்த நேரம் நிழல் எதுவரை விழும் என்று காட்டுகிற தாள்கள். இரண்டு போட்டு மேசைமேல் வைத்தாள். ஏப்ரல் ஒன்று, டிசம்பர் ஒன்று. ஏப்ரல் தாளில் உச்சி வேளை, வெயில் நேர் மேலே. தெய்வானையின் முற்றம் வெள்ளை வெளேரென்று இருந்தது. டிசம்பர் தாளில் அதே உச்சி வேளையில் வெயில் தெற்கே சாய்ந்திருந்தது. முற்றம் சுவர் முதல் சுவர் வரை சாம்பல் நிறம்.

பழைய பொதுச்சுவரை ஒட்டிக் கட்டுவதால் பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதம் தேவைப்பட்டது. அதற்கு எடுத்துப்போக வேண்டிய காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். “அந்த டிசம்பர் தாளை எடுத்துடும்மா. ஏப்ரல் மட்டும் போதும்” என்றேன்.

சுகந்தி கையை அந்தத் தாளின் மேலேயே வைத்திருந்தாள்.

“சார், அந்த அக்காவுக்கு ஏப்ரல்ல வெயில் எதுக்குங்க சார்?”

ஒரே கேள்வி. எனக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாதபோது வருகிற கோபம். “வெள்ளைச் சுவர்மா. வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். சொன்னதைச் செய்” என்றேன். சுவரின் நிழல் பக்கம் எந்த வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். “தூக்கிப் போட்டுடு” என்று பின்னாலேயே குரல் கொடுத்தேன்.

தெய்வானை என்னை வீட்டில் உட்காரவைத்து இஞ்சி தட்டிப்போட்டு டீ கொடுத்தார். ராமையா கம்பளி கொடுக்க லாட்ஜுக்குப் போயிருந்தார். ஏப்ரல் தாளை விரித்தேன். இது உங்கள் முற்றம், இது புது வீடு என்று விரலால் காட்டினேன். தெய்வானை குனிந்து பார்த்தார்.

“எனக்கு இதெல்லாம் புரியாதுங்க சார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஊடு வந்தப்புறமும் எங்களுக்கு வெயில் வருமுங்களா?”

“வரும்.”

அவ்வளவுதான் சொன்னேன். ஏப்ரலில் வருமே, அது பொய்யில்லையே என்று உள்ளுக்குள் ஒரு வக்கீல் எனக்காக வாதாடிக்கொண்டிருந்தான். தெய்வானை சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டி, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

“சார் சொன்னாச் செரிதான். உங்களத்தான் ஊரே வெயில் சாருங்குதே” என்றார்.

டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அடுத்த வருடம் அக்டோபரில் வீடு முடிந்தது. டிசம்பரில் வானம் தெளிந்ததும் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த நீள வெள்ளைச் சுவரை முழுதாகப் படமெடுக்க ஒரே இடம்தான் இருந்தது. தெய்வானையின் முற்றம்.

கேமராக்காரர் முற்றத்தைப் பார்த்துவிட்டு, “சார், இந்தக் கம்பளியெல்லாம் மறைக்குது. கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்களேன்” என்றார். அதை நான்தான் போய்க் கேட்டேன்.

பகல் பன்னிரண்டு மணி. முற்றத்தில் வெயில் இல்லை. என் சுவரின் நிழல் எதிர்ச்சுவரில் பாதி ஏறியிருந்தது. சுகந்தி வரைந்ததுபோலவே, கோடு பிசகாமல். கயிற்றில் இருபது இருபத்தைந்து கம்பளிகள், ஒன்றிலும் ஆவி இல்லை. தொட்டுப் பார்த்தேன். முந்தின நாள் போட்டவையாம். நுனியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தெய்வானை முகம் சுளிக்கவில்லை. “ஊடு அழகா இருக்குதுங்க சார்” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக இறக்கினார். நனைந்த கம்பளி என்ன கனம் கனக்கும் என்று தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். நெஞ்சோடு அணைத்து அணைத்துக் கொண்டுபோய்ச் சமையலறையில் குவித்தார். ராமையா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கயிறுகளை அவிழ்த்தார். நான் கேமராக்காரருக்கு முக்காலி வைக்க இடம் காட்டிக்கொண்டிருந்தேன். கூட ஒரு கைபிடிக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை என்று எழுத ஆசைதான். தோன்றியது. பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் செய்யவில்லை.

படம் எடுத்து முடித்ததும் மறுபடியும் டீ வந்தது. டம்ளரை நீட்டும்போது தெய்வானை மெதுவாகக் கேட்டார்:

“சார், நீங்க வெயில் வருமுன்னு சொன்னீங்கல்ல. இன்னும் எத்தன நாள்ல வருமுங்க?”

என்மேல் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே காத்துக்கொண்டிருந்தார். வீடு புதிது, எல்லாம் சரியாக நாளாகும், சார் சொல்லியிருக்கிறார் என்கிற நம்பிக்கை. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். நான் சொன்னது இது:

“ஏப்ரல்ல நல்லா வரும்மா.”

“ஏப்ரல்லயா?” என்று அவர் யோசித்தார். “ஏப்ரல்ல ரூமெல்லாம் நெறஞ்சிருமே சார். கம்பளிய யாரு கழட்டிக் குடுப்பாங்க?”

அன்றைக்கும் டீயை முழுக்கக் குடித்தேன்.

படம் அட்டையில் வந்தது. விருதும் வந்தது. மேடையில் நான் ‘பழைய ஊரில் புது வீடு கட்டுகிறவன் அக்கம்பக்கத்தை மதிக்க வேண்டும்’ என்று இருபது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் தனியாக இருக்கும்போதே தலை குனிந்துவிடுகிறது.

இரண்டாவது குளிர்காலத்தில் அனிதா போன் செய்தார்.

“சார், பக்கத்து வீட்டு அக்கா எங்க மாடி மேல கம்பளி காயப்போட்டுக்கட்டுமான்னு கேக்கறாங்க. தாராளமா போடுங்கன்னுட்டோம். ஆனா மேலே போக வழியே இல்லையே சார்?”

இல்லைதான். மொட்டைமாடிக்குப் படி வைத்தால், கைப்பிடிச் சுவர் வைத்தால், என் கோடு கெட்டுப்போகும் என்று வைக்கவில்லை. முற்றத்தின் வெயில் முழுக்க அங்கே, யாரும் ஏற முடியாத இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. இரும்பு ஏணி ஒன்று சாத்தச் சொன்னேன். ஒரு மாதம் தெய்வானை நனைந்த கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ஏணியில் ஏறியிருக்கிறார். ராமையா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒருநாள் கால் வழுக்கி, நல்லவேளையாகக் கம்பளி மட்டும் விழுந்தது. அதோடு விட்டுவிட்டார்கள்.

அதைச் சொல்லிவிட்டு அனிதா கேட்டார்: “வெயில் போயிரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியாதுங்களா சார்?”

“இவ்வளவு போகும்னு எதிர்பார்க்கலைம்மா.”

மூன்றாவது பொய்.

“தெரிஞ்சிருந்தா அந்த நீள ரூமே வேண்டாம்னிருப்போம் சார். நாங்க கேக்கவே இல்லையே. இப்ப அதுல சூட்கேஸும் பழைய அட்டைப்பெட்டியும்தான் கெடக்குது.”

இங்கே உங்களிடம் ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். நம் தொழிலில் தப்பு நடந்தால் உடனே மூன்று பேரைக் கை காட்டுவோம். கட்டச் சொன்னவர் பிடிவாதம், சட்டம் அப்படி, மேஸ்திரி சொதப்பிவிட்டார். இதில் எனக்குக் கை காட்ட ஒருவருமில்லை. கட்டச் சொன்னவர்கள் கேட்கவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மேஸ்திரி நான் போட்ட கோட்டில் நூல் பிசகவில்லை. வரைந்து காட்டியவள் எச்சரித்தாள். அக்கம்பக்கத்தாருக்கு வரைபடம் புரியாது என்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம், புரியாமல் இருப்பது நமக்கு வசதி என்பதால்தான். பக்கத்து வீட்டுக்கு எந்த மாதம் கெட்ட மாதமோ அந்த மாதத்துத் தாளை முதலில் விரியுங்கள். விரிக்கக் கை வரவில்லையென்றால், அந்தக் கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அழித்துவிடுங்கள்.

இப்படிச் சொல்கிறேனே தவிர, நான் பிறகும் பல வருடங்கள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. மார்க்கெட்டுக்குச் சுற்றிக்கொண்டு போவேன்.

போன டிசம்பரில் அலுவலகத்தைக் காலி செய்தபோது சுகந்தி உதவிக்கு வந்தாள். இப்போது அவளே தனியாக அலுவலகம் வைத்திருக்கிறாள். பழைய வரைபடக் குழாய்களை உதறிக்கொண்டிருந்தவள் ஒன்றிலிருந்து ஒரு தாளை உருவி என் முன்னால் வைத்தாள். டிசம்பர் தாள்.

“தூக்கிப் போடச் சொன்னீங்க சார். மனசு வரலீங்க.”

அவளே தொடர்ந்தாள்.

“அண்ணன்கூட கேரட் லோடு கழுவறதுக்குக் கொண்டுபோனேன் சார். அங்க அந்த அக்காவப் பார்த்தேன். கேரட் கழுவற எடத்துல, முட்டளவு தண்ணில நிக்கறாங்க. கம்பளி வேலைய உட்டு வருசமாச்சாம். கையெல்லாம் வெடிச்சுக் கெடக்குது.”

பனி விழுகிற விடியற்காலையில் கேரட் கழுவும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவள் விளக்கவில்லை. மலையில் இருக்கிறவனுக்கு விளக்க வேண்டியதும் இல்லை.

ஜனவரியில் ஒரு நாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். பகல் வேளை, தெய்வானை வேலை முடிந்து வந்திருந்தார். முற்றத்துக் கல்லில் பாசி பிடித்திருந்தது. ஒரே ஒரு கயிறு, அதில் ஒரு துண்டு. அவருக்கு என்மேல் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. “வாங்க சார், எத்தன வருசமாச்சு” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமல் தாளை விரித்தேன்.

வரைபடம் புரியாது என்று சொன்ன அந்தப் பெண் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வெடித்த விரலை வைத்து வரிசையாகச் சொன்னார்.

“இது எங்க ஊடு. இது துவைக்கிற கல்லு. இது அவங்க ஊடு. இந்தக் கறுப்பு என்னங்க சார்?”

“நிழல்மா. டிசம்பர் மாச நிழல்.”

விரல் முற்றத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை மெதுவாக நகர்ந்தது.

“இது எப்ப வரஞ்சதுங்க?”

“நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே. தெரிஞ்சேதான் வரும்னு சொன்னேன்.”

தெய்வானை தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியாமச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன் சார்” என்றார். “இத்தன வருசமா அப்பிடித்தான் நெனச்சேன். பெரியவரு, கணக்குத் தப்பிருச்சு போலன்னு.”

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

“ஏனுங்க, இங்க வாங்க.”

ராமையா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

“எங்கிட்டச் சொன்னத இவருகிட்டச் சொல்லுங்க சார்” என்றார் தெய்வானை. குரல் உயரவே இல்லை. “படிக்காத கழுதை, படத்தப் பாக்காம கையெழுத்துப் போட்டு எங்கப்பன் குடுத்த எடத்த இருட்டாக்கிட்டேன்னு பத்து வருசமா எனக்குப் பேச்சு. பனி விழுந்தாப் பேச்சு, லாட்ஜ்காரன் பாத்தும் பாக்காத மாரி போனாப் பேச்சு. நானும் என் தப்புதான்னு இருந்துட்டேன். நீங்க சொல்லுங்க.”

சொன்னேன். முதல் படத்தில் வெயில் கெடாமல் இருந்ததை, நான் அதை மாற்றியதை, இந்தத் தாளை ஒளித்துவிட்டு வேறு தாளை விரித்ததை. நான் விரித்த படத்தை எவ்வளவு பார்த்திருந்தாலும் தெய்வானை ஏமாந்துதான் இருப்பார், ஏமாற்ற வந்தவன் நான் என்று சொன்னேன். வாழ்க்கையில் அத்தனை மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்த நாலு வாக்கியங்களைப் போலக் கஷ்டப்பட்டு எதையும் பேசியதில்லை.

ராமையா என்னைப் பார்க்கவில்லை. தெய்வானையைப் பார்த்தார். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், வீட்டுக்கு வந்தவருக்குச் சொல்கிற வழக்கத்தில் சொன்னார்:

“சாருக்கு டீ போடு.”

“இல்லீங்க” என்றார் தெய்வானை. “போட மாட்டேன்.”

தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியேறினேன். தெருவுக்கு வந்த பிறகுதான் என்மேல் வெயில் பட்டது.